முதல் ஒன்பது விநாடி

கெரார்ட் ஸ்குபினுக்குக் கோபம் வந்தால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தட்டுவான். அமிகா கணினிக்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் அவனிடம் மூக்குடைபடாதவர்கள் குறைவு. முப்பது வருடத்துக்கு முந்தைய கணினியை இன்னும் கைவிட மனமில்லாமல் கட்டிக்கொண்டு அழும் ஆயிரத்துச் சொச்சம் பேர் போலந்தில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது புதிதாக வந்து, "மெமரி கார்டுல சிஸ்டம் ஏத்தினேன், நல்லாத்தான் ஓடுது, ஆனா பெரிய ஃபைல் மட்டும் கெட்டுப்போகுது" என்று கேட்டுவிட்டால் போச்சு, கெரார்ட் சாமியாடிவிடுவான்.

"அந்த எண்ணை மாத்தினியா இல்லியா? முதல் பக்கத்துல எழுதி ஆணியடிச்சு வச்சிருக்கேனே, அதப் படிக்கறதுக்கு என்ன கேடு?"

கணினி ஒரே மூச்சில் எவ்வளவு தரவை மெமரி அட்டைக்குள் தள்ளலாம் என்று சொல்கிற எண் அது. அதைக் குறைத்து வைக்காவிட்டால் கணினி பெரிய பெரிய கவளமாக உருட்டித் தள்ளும். அட்டை வாய்க்குக் கொண்ட மட்டும் விழுங்கிவிட்டு மிச்சத்தைக் கீழே சிந்திவிடும். சிந்தியதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாது. சின்னக் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. இயங்குதளம் முழுக்கச் சின்னக் கோப்புகள்தான். அதனால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலவே இருக்கும், பெரிதாக ஒன்றைத் திறந்து பார்க்கிற வரைக்கும். இதை விளக்கி கெரார்ட் எழுதிய வழிகாட்டி பத்து வருடமாக மன்றத்தின் உச்சியில் இருக்கிறது. அதில் அவனுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. சுரங்கத்தில் இருபத்தைந்து வருடம் மின்பணியாளனாக இருந்து வாங்கிய பதக்கத்தைக்கூட அவன் அலமாரியின் அடித்தட்டில்தான் போட்டு வைத்திருந்தான்.

ரூடா என்ற ஊரில் சிவப்புச் செங்கல் சுரங்கக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அமிகா சமையலறை மேசைமேல் இருந்தது, குளிர்காலத்தில் சூடாக இருக்கும் ஒரே அறை அதுதான் என்பதால். முற்றத்துக்கு எதிர்ப்புறம் அலோய்ஸ் கெம்பாவின் வீடு. இருவரும் ஒரே நாளில் சுரங்கத்தில் சேர்ந்தவர்கள், ஒரே வருடம் ஓய்வு பெற்றவர்கள். அலோய்ஸின் மகள் ஒத்திலியாவுக்கு கெரார்ட்தான் ஞானத்தகப்பன்.

அலோய்ஸுக்குச் சொத்து என்று எதுவும் கிடையாது, குரல் ஒன்றைத் தவிர. ஷிஃப்ட் முடிந்து முந்நூறு பேர் ஒன்றாகக் குளிக்கும் கூடத்தில் தண்ணீர் இரைச்சலை மீறிக் கேட்கும் குரல். ரூடாவில் எந்தக் கல்யாணமானாலும் மைக் அவன் கையில்தான் இருக்கும். மாப்பிள்ளையின் மாமாவைக் கிண்டல் செய்து, பெண்ணின் அத்தையை ஆட வைத்து, விடியும்வரை கூட்டத்தைக் கட்டிப் போடுவான். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தத் தொண்டையை மருத்துவர்கள் அறுத்து எடுத்துவிட்டார்கள். புற்று. இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. துளையை மூடி ஒரு வெள்ளைத் துணித்துண்டு தொங்கும். பேச வேண்டியதைச் சின்னப் பிள்ளைகளின் வெள்ளைப் பலகை ஒன்றில் எழுதிக் காட்டுவான். கழுத்தில் வைத்துப் பேச மருத்துவமனையில் ஓர் அதிரும் கருவி கொடுத்தார்கள். ஒருநாள் வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு இழுப்பறைக்குள் எறிந்துவிட்டான். "என் பொண்டாட்டி என்னை வாக்குவம் கிளீனர்னு நினைச்சு தரையில இழுத்துட்டுப் போயிருவா" என்று பலகையில் எழுதினான். எழுதிவிட்டு அவன் சிரிக்கவில்லை.

ஒத்திலியாவின் கல்யாணம் ஜூன் மாதம் என்று முடிவானபோதுதான் கெரார்ட் அந்தப் பழைய விஷயத்தை எடுத்தான்.

"டேய் அலோய்ஸ், உன் ஃபைல் ஒண்ணு என்கிட்ட கெடக்குடா. ஞாபகம் இருக்கா?"

அலோய்ஸ் புருவத்தை உயர்த்தினான்.

"தொண்ணூத்தேழுல. ஒத்திலியா பொறந்து ரெண்டு நாள். நீ நல்லா ஏத்திக்கிட்டு வந்து நின்ன. நான் குரல் பதியற டப்பா ஒண்ணு புதுசா வாங்கியிருந்தேன். 'நான் என் பொண்ணுகிட்ட பேசணும், நீ வெளிய போ'ன்னு என் வீட்ட விட்டே என்னை வெளிய தள்ளின. நான் மாடிப்படியில நின்னு சிகரெட் புடிச்சிட்டிருந்தேன்."

அலோய்ஸின் முகத்தில் மெல்ல ஏதோ விளங்கியது.

"கதவத் திறந்து என்ன சொன்ன தெரியுமா? 'இவ கல்யாணத்தன்னிக்கு, ஆசீர்வாதத்துக்கு மண்டி போடறா பாரு, அப்ப போடு. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது'ன்ன. நான் தொடல."

தொடவில்லை என்றால் உண்மையாகவே தொடவில்லை. இருபத்தேழு வருடத்தில் ஒருமுறை கேட்டதில்லை, நகல்கூட எடுத்ததில்லை. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் 'நகல் எடு, நகல் எடு' என்று தொண்டை கிழியச் சொன்ன மனிதன், குடிபோதையில் நண்பன் சொன்ன ஒரு வார்த்தைக்காக அந்த ஒரு கோப்பை மட்டும் அதே பழைய ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே விட்டு வைத்திருந்தான். இதை விசுவாசம் என்பதா மடத்தனம் என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அலோய்ஸ் பலகையை எடுத்தான். "என்ன சொன்னேன்?"

"எனக்கு எப்படிடா தெரியும்? என்னைத்தான் வெளிய அனுப்பினியே."

"நான் குடிச்சிருந்தேன். ஒரு வார்த்தகூட ஞாபகம் இல்ல." அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினான். "என் குரல் எப்படி இருந்துச்சுன்னே மறந்து போச்சுடா."

அன்றிலிருந்து அலோய்ஸ் வேறு ஆளாகிவிட்டான். மூன்று வருடமாகச் சவரம் செய்யாமல் கிடந்தவன் தினமும் சவரம் செய்தான். புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தான். மனைவி உர்சுலாவிடம் சொல்லி, அவள் மகளிடம் சொல்லி, ஒத்திலியா அன்று சாயங்காலம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து அழுதாளாம். அலோய்ஸ் கத்திய வீடியோ கேசட்டுகள் ஊரில் பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் மற்றவர்கள் கல்யாணத்தில் கத்தியவை. மகளிடம் பேசியது என்று உலகத்தில் இருப்பது இந்த முக்கால் நிமிடப் பதிவு மட்டும்தான்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, கெரார்ட் அமிகாவை இயக்கினான். ஹார்ட் டிஸ்க் எழும்பவில்லை. உள்ளிருந்து 'டக், டக்' என்று சத்தம் மட்டும் வந்தது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை முனகிக்கொண்டு சுழன்றது. கோப்பு இருந்தது. டிஸ்க் இன்றோ நாளையோ போய்விடும் என்று கெரார்டுக்குப் புரிந்தது.

மாப்பிள்ளை கிரிஸ்தியானுக்குக் பக்கத்து நகரமான கத்தோவிசேவில் கணினி வேலை. சங்கதி கேள்விப்பட்டு அன்றே வந்தான்.

"மாமா, டிஸ்க்கக் கழட்டி என்கிட்ட குடுங்க. என் லேப்டாப்புல மாட்டி முழுசா நகல் எடுத்துடறேன். பத்து நிமிஷ வேலை."

"உன் லேப்டாப்புல சொருகினா அது என்ன சொல்லும் தெரியுமா? 'இது என்ன எழவுன்னு தெரியல, அழிச்சு சுத்தம் பண்ணட்டுமா?'ன்னு கேக்கும். நீ தூக்கக் கலக்கத்துல ஆமாம்பே."

"நான் அந்த அளவுக்கு மோசமில்ல மாமா."

"தம்பி, அமிகா சமாச்சாரம் அமிகாவுக்குள்ளயே முடியணும். நீ போய் மோதிரத்த பத்திரமா வச்சுக்கோ."

கிரிஸ்தியான் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் கேட்டதைக் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் கெரார்டைப் போன்ற அமிகாக்காரர்களுக்கு வேறு கணினியின் உதவியை நாடுவது என்பது, சமையல்காரன் தன் வீட்டு விருந்துக்குக் கடையில் சாப்பாடு வாங்குவதுபோல. உயிரே போனாலும் செய்யமாட்டார்கள்.

புதன்கிழமை காலை வேலையை ஆரம்பித்தான். திட்டம் எளிமையானது. புது மெமரி கார்டைப் பழைய டிஸ்க் இருக்கும் அதே பட்டை வயரின் இன்னொரு முனையில் மாட்ட வேண்டும். கார்டில் பாகம் பிரித்து, ஆறு ஃபிளாப்பியிலிருந்து இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். பிறகு கணினியைக் கார்டிலிருந்தே எழுப்பி, டிஸ்க்கிலிருந்து கோப்பை இந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும். இந்த வேலையை அவன் தனக்கும் பிறருக்குமாக நூறு தடவையாவது செய்திருப்பான்.

முதல் ஃபிளாப்பியைச் செருகினான். பாகம் பிரிக்கும் கருவியைத் திறந்தான். கார்டு தெரிந்தது. பாகம் போட்டான், அடுத்த பக்கத்துக்குப் போனான், அந்த எண்ணை மாற்றினான். மாற்றும்போதே மன்றத்தில் தன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டான். ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக ஊட்டினான். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பாதியில் கரகரவென்று அரைத்துக்கொண்டு நின்றுவிட்டது. படிக்க முடியவில்லை என்றது கணினி.

காப்பி டப்பாவுக்குள் மாற்று ஃபிளாப்பிகள் வைத்திருந்தான். அதிலிருந்த நான்காவதைப் போட்டும் நின்றது. இதற்குள் டிஸ்க் மறுபடி 'டக், டக்' என்றது. அதை நிறுத்தவும் பயம். நிறுத்தினால் திரும்ப எழும்புமோ எழும்பாதோ. பாகத்தைப் பெரிதாகப் போட்டதுதான் கோளாறு என்று ஒரு சந்தேகம் வந்தது. போட்டதை அழித்தான். சிறியதாக வேறு பாகம் போட்டான். சேமித்தான். மறுபடி முதல் ஃபிளாப்பியிலிருந்து ஆரம்பித்தான்.

பாகத்தை அழித்துப் புதிதாகப் போட்டால் அந்த எண் பழையபடி பெரிதாகிவிடும். திரும்பவும் மாற்ற வேண்டும். கெரார்டின் வழிகாட்டியில் இரண்டாவது வரி இதுதான், பெரிய எழுத்தில். அவன் மறக்கவில்லை. அரை மணிக்கு முன்னால் தன் கையால் மாற்றியது கண்ணுக்குள் இருந்தது. அதுவே அவனைக் கெடுத்தது. அந்தப் பக்கத்தைத் திறக்காமலே தாண்டிவிட்டான்.

இந்த முறை நான்காவது ஃபிளாப்பி ஒழுங்காக ஓடியது. ஐந்து, ஆறு. மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது. மதியம் இரண்டு மணிக்குக் கணினியைத் திருப்பி எழுப்பியபோது கார்டிலிருந்து அமிகாவின் முகப்பான வொர்க்பெஞ்ச் திரை வந்து நின்றது. துளிச் சத்தமில்லை. கெரார்ட் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். கோயிலுக்குப் போய் வருடக்கணக்காகிறது அவனுக்கு.

டிஸ்க் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அதைச் சிரமப்படுத்தக் கூடாது, விட்டு விட்டுப் படிக்க வைத்தால் தாங்காது, ஒரே இழுப்பில் இழுத்துவிட வேண்டும் என்று நினைத்தான். நகலெடுக்கும்போது எவ்வளவு பெரிய துண்டாக எடுக்கலாம் என்று கேட்ட இடத்தில் உச்ச அளவைக் கொடுத்தான். கோடு நகர்ந்தது, கடைசிவரை போனது. பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை. அளவைப் பார்த்தான், இரண்டு பக்கமும் ஒரே அளவு. டிஸ்க் இன்னும் இரண்டு தடவை 'டக், டக்' என்றுவிட்டு நின்றது. அதன்பின் அது சுழலவே இல்லை.

"வேலைய முடிச்சிட்டுத்தான் போயிருக்க. நல்லவண்டா நீ" என்று அதைத் தட்டிக் கொடுத்தான்.

கோப்பு திறக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. இயக்கினான். 'ஒத்திலியா, அப்பா பேசறேன்' என்றது கணினியோடு இணைத்திருந்த தொலைக்காட்சிப் பெட்டி. அதே குரல். அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டான். உரியவன் கேட்பதற்கு முன்னால் அடுத்தவன் மகளுக்குச் சொன்னதைத் தான் உட்கார்ந்து கேட்பது சரியில்லை என்று அவனுக்குப் பட்டது. அன்று மட்டும் கொஞ்சம் மரியாதை கெட்டவனாக இருந்திருக்கலாம்.

அமிகாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்த டிஸ்க்கைக் குப்பையில் போடமாட்டார்கள். திறந்து, உள்ளே கண்ணாடிபோல் மின்னும் தட்டை எடுத்து, முள் பொருத்திச் சுவர்க்கடிகாரமாக்கி யாருக்காவது பரிசாகக் கொடுப்பார்கள். வியாழக்கிழமை கெரார்ட் உட்கார்ந்து திருகாணி திருகாணியாகக் கழற்றினான். தட்டில் பட்ட கைரேகையை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். பன்னிரண்டு இலக்கங்களையும் ஒட்டினான். 'உன் அப்பாவின் குரல் இருபத்தேழு வருடம் குடியிருந்த வீடு' என்று ஒரு சீட்டில் எழுதி, கடிகாரத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டினான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கணினியை ஒரு கம்பளியில் சுற்றி, பொட்டலத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து அலோய்ஸ் வீட்டுக்குப் போனான். கல்யாணத்துக்கு முந்தைய சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் ஊரே வந்து பழைய தட்டும் கோப்பையும் போட்டு உடைக்கும், பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும். உடைக்கிறவர்கள் இரண்டு பேர் அதற்குள்ளாகவே சாக்கோடு வந்து வாசலில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அலோய்ஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சின்ன அறையில் தயாராக உட்கார்ந்திருந்தான். கெரார்ட் கணினியை அங்கிருந்த தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தான். உர்சுலா கை மாவைத் துடைத்துக்கொண்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒத்திலியாவ விட்டுராத உள்ள. நாளைக்குத்தான் அவ கேக்கணும்" என்றான் கெரார்ட்.

"அவ வெளிய தொடப்பத்தோட நிக்கறா. நீ போடு."

போட்டான்.

"ஒத்திலியா, அப்பா பேசறேன். நீ பொறந்து ரெண்டு நாள் ஆச்சு, உரிச்ச கோழிமாதிரி இருக்க. இதக் கேக்கறப்ப வெள்ளை கவுன்ல மண்டி போட்டிருப்ப. நல்லா கேட்டுக்கோ, ஒரே தடவதான் சொல்லுவேன்."

அலோய்ஸ் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடவில்லை. வாய் மெல்லத் திறந்திருந்தது.

அடுத்து வந்தது இரைச்சல். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோல ஒரே இரைச்சல். நடுவில் ஓரிடத்தில் அரை விநாடி அவன் சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரித்தான் என்று தெரியவில்லை. மறுபடி இரைச்சல், முடிகிற வரைக்கும்.

அலோய்ஸ் எழுந்து தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினான். வயரை ஆட்டினான். கெரார்ட் பக்கம் திரும்பினான். கெரார்டுக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருடமாக அடுத்தவர்களுக்கு அவன் விவரித்த அதே கோளாறு.

"என்ன ஆச்சு? கெரார்ட், என்ன ஆச்சு?" என்றாள் உர்சுலா.

கெரார்ட் பாகம் பிரிக்கும் கருவியைத் திறந்து, தாண்டி வந்த அந்தப் பக்கத்துக்குப் போனான். எண் மாற்றப்படாமல் முழுசாக, கொழுத்து உட்கார்ந்திருந்தது.

"இரு, இரு. படிக்கறப்பதான் சிந்துதோ என்னவோ. அட்டையில சரியா இருக்கலாம். எண்ணை மாத்திட்டா சரியா வரும்" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. எண்ணை மாற்றினான். இரண்டு தடவை தப்பாக அடித்தான். கணினியை அணைத்து எழுப்பினான். கோப்பை மறுபடி போட்டான்.

அதே ஒன்பது விநாடி. அதே இரைச்சல். அதே இடத்தில் அதே அரை விநாடிச் சிரிப்பு. எழுதும்போதே சிந்திப்போயிருந்தது.

அலோய்ஸ் பலகையில் எழுதினான். "பழைய டிஸ்க்?"

கெரார்டின் பார்வை தானாக மேசைமேல் இருந்த பொட்டலத்துக்குப் போனது. "அத நான் கடிகாரமா பண்ணிட்டேன்டா. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டேன். அதுல இருந்து இனிமே ஒண்ணும் எடுக்க முடியாது. எவனாலயும் முடியாது."

அலோய்ஸின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாதவனின் தோள் குலுங்கினால் சிரிக்கிறானா அழுகிறானா என்று யாருக்குத் தெரியும். பிறகு எழுதினான். "கடிகாரம் நல்லா ஓடுதா?"

"ஓடுது" என்றான் கெரார்ட்.

உர்சுலா கதவைச் சாத்திவிட்டு அவனிடம் வந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அவள் கத்தியிருந்தால் தேவலாம்.

"ஒரு எண்ணு. ஊருல இருக்கறவனையெல்லாம் முட்டாள்னு திட்டுவியே, அந்த ஒரு எண்ணு. அந்தப் பையன் வந்து கேட்டான், குடுத்தியா? மூணு வருஷமா இந்த மனுஷன் கண்ணாடி பாக்கல, கெரார்ட். ரெண்டு வாரமா பாத்துட்டிருந்தாரு."

கெரார்ட் தலையை ஆட்டினான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நாக்குவரை வந்தது, ஆனால் அதைச் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

வெளியே முதல் தட்டு உடைந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு சரமாரியாகப் பீங்கான் நொறுங்கும் சத்தம். ஒத்திலியா கையில் துடைப்பத்தோடு, முகம் சிவக்க, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மாமா வந்தாச்சா? எல்லாம் ரெடியா? நான் கேக்கல, கேக்கல, பயப்படாதீங்க. ரெடியான்னு மட்டும் சொல்லுங்க."

கெரார்ட் வாயைத் திறப்பதற்குள் அலோய்ஸ் பலகையை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுதி நீட்டினான். "ரெடி. போய் ஒழுங்கா கூட்டு."

அவள் அப்பாவின் வழுக்கையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். கதவு மூடியபின் அலோய்ஸ் இன்னொரு வரி எழுதினான். "இரைச்சல வெட்டிரு. ஒன்பது விநாடி இருக்கட்டும்."

"அலோய்ஸ், அதுல நீ ஒண்ணுமே சொல்லலியேடா. சொல்லப் போறேன்னு மட்டும்தான் சொல்லியிருக்க."

"வெட்டிரு."

கெரார்ட் வெட்டினான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. அடுப்பிலிருந்து இறைச்சி உருளை வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. கணினி மேசையை நடு அறைக்கு நகர்த்தி, அதன் முன்னால் ஒரு திண்டு போட்டு அதில் ஒத்திலியாவும் கிரிஸ்தியானும் மண்டி போட்டார்கள். உர்சுலா இருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்து, தீர்த்தம் தெளித்து, எப்போதும் சொல்லுகிற வார்த்தைகளைச் சொல்லி, கடைசி வார்த்தையில் உடைந்து ஒதுங்கினாள். அடுத்தது அப்பாவின் முறை. அலோய்ஸ் புதுக் கோட்டில் மகளுக்கு முன்னால் வந்து நின்று அவள் தலைமேல் இரண்டு கையையும் வைத்தான். கெரார்டைப் பார்த்துத் தலையசைத்தான். கெரார்ட் விசையை அழுத்தினான்.

குரல் வந்ததும் வீடே அடங்கியது. யாரோ ஒரு பெண் விசும்பினாள். 'உரிச்ச கோழிமாதிரி' என்ற இடத்தில் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஒத்திலியாவின் தோள் அதிர்ந்தது. 'நல்லா கேட்டுக்கோ, ஒரே தடவதான் சொல்லுவேன்' என்றது குரல். அவள் தலையை இன்னும் தாழ்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கேட்பதற்குத் தயாரானாள்.

குரல் நின்றுவிட்டது. அவள் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

அலோய்ஸின் உதடு அசைந்தது. முதலில் கெரார்ட் அதைச் செபம் என்று நினைத்தான். செபம் இல்லை. மகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். வரிவரியாக, நிறுத்தி நிறுத்தி, மைக் பிடித்த காலத்தில் பேசியதுபோலப் புருவத்தை ஏற்றி இறக்கிப் பேசினான். ஒரு சத்தமும் வரவில்லை. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் உஸ் உஸ்ஸென்று வந்து அந்த வெள்ளைத் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கூட்டம் அவன் முதுகுப் பக்கம் நின்றது, கிரிஸ்தியானும் தலை குனிந்திருந்தான். கணினி மேசைக்குப் பின்னால் நின்ற கெரார்டுக்கு மட்டும் அந்த முகம் தெரிந்தது. அவன் கண் கொட்டாமல் அந்த உதடுகளைப் பார்த்தான். ஒரு சொல்லாவது பிடிபடாதா என்று தவித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. 'ஒத்திலியா, நிமிந்து பாரும்மா' என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் ஏன் என்று கேட்பார்கள், மிச்சக் குரல் அழிந்துபோனது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தன் மானம் போனால் போகிறது, அலோய்ஸ் நேற்று மகளிடம் சொன்ன 'ரெடி' பொய்யாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒத்திலியா கண்ணை மூடிக்கொண்டு, குரல் வந்த பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள்.

உதடு நின்றது. அலோய்ஸ் மகளின் தலையிலிருந்து கையை எடுத்தான்.

கை விலகியதும் அவள் நிமிர்ந்தாள். "இன்னும் இருக்காப்பா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"அவ்வளவுதானா?"

ஆமாம் என்றான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "என்னவோ பெருசா சொல்லப் போறேன்னு ஆரம்பிச்சுட்டு, போதையில அதையே மறந்துட்டீங்களாப்பா?"

வீடு முழுக்கச் சிரித்தது. அலோய்ஸின் அப்போதைய குடியை எல்லோருக்கும் தெரியும். நல்ல வேடிக்கைதான் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு, கோயிலுக்கு நேரமாகிறது என்று கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். ஒத்திலியா அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

அறையில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். கெரார்ட் கணினியை அணைத்தான். பிறகு சன்னலோரம் கிடந்த வெள்ளைப் பலகையையும் எழுதுகோலையும் எடுத்து அலோய்ஸிடம் நீட்டினான்.

"என்னடா சொன்ன? எழுதிக் குடு, அவகிட்ட நான் கொண்டு போய்க் குடுக்கறேன். என்னைப் பத்தி என்ன வேணா சொல்லிக்கோ. எழுதிக் குடுடா."

அலோய்ஸ் பலகையை வாங்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்குப் பின்னால் படியிறங்கிப் போனான்.